மிதிவண்டிப் பந்தயத்தில் அணி உத்தி: வென்றது யார் என்னும் நூற்றாண்டு வாதம்

மிதிவண்டிச் சாலைப் பந்தயம் தனி ஒருவர் வெல்லும் போட்டி. ஆனால் அணியாக ஓட்டப்படுவது. டூர் டி பிரான்ஸ் போன்ற மூன்று வாரப் போட்டியின் முடிவில் மேடையேறி மஞ்சள் சட்டை அணிபவர் ஒருவரே. அவருக்காக எதிர்காற்றை வாங்கி, தண்ணீர்ப் புட்டி சுமந்து, சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்த ஏழு பேர் கீழே நிற்பார்கள். எனவே இவ்விளையாட்டின் ரசிகர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டு வாதிடுகிறார்கள்: வென்றது அந்த வீரரா, அவருடைய அணியா? வலிமை மிக்கவர் தோழருக்காக ஒதுங்க வேண்டுமா? ஒதுங்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அணி உத்தி எப்படித் தோன்றியது, ரசிகர்களின் வாதம் அதனுடன் எப்படி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றே முதல் எதிரி

அணி உத்தி அனைத்துக்கும் அடிப்படை காற்று. இதைத் தென்காசி வட்டார மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும். குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாட்களில், தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் சைக்கிளில் போவது மலையேறுவது போலிருக்கும். திரும்பி வரும்போது மிதிக்காமலே வண்டி ஓடும். அப்போது மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவன் களைத்தால் விலகிப் பின்னுக்கு வருவான். அடுத்தவன் முன்னே செல்வான். தொழில்முறைப் பந்தயத்தின் முதல் பாடமும் இதுவே.

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வீரர் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போகிறது. ஒருவரின் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு இந்தச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பெருங்கூட்டத்தின் நடுவில் இன்னும் குறைவு. பெர்ட் பிளாக்கன் என்னும் பெல்ஜிய ஆய்வாளர் குழுவினர் 2018இல் 121 வீரர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தனர். அதன் உட்பகுதியில் இருப்பவர் மீதான காற்றுத் தடை, தனியே ஓட்டுபவருக்கு உள்ளதில் 5 முதல் 10 விழுக்காடே என்று கண்டனர். அணித்தலைவரை நாள் முழுவதும் கூட்டத்துக்குள் மறைத்து வைத்து, கடைசி மலையடிவாரத்தில் இறக்கிவிடுவது ஏன் என்பதற்கு விடை இதுதான்.

பக்கக்காற்று வந்தால் கணக்கு மாறும். தென்காசியிலிருந்து வடக்கே கடையநல்லூர் செல்லும் சாலையில் காற்று இடப்பக்கம் அடிக்கும். அப்போது மறைவு நேர் பின்னால் கிடைக்காது. வலப்பக்கம் சற்றுப் பின்தள்ளியே கிடைக்கும். ஆகவே வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக அணிவகுப்பர். பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்த பெயரின் பொருள் 'விசிறி'. சாலையின் அகலம் பத்துப் பதினைந்து பேருக்கே போதும். விசிறியில் இடம் கிடைக்காதவர் சாலை ஓரத்தில் மறைவின்றி ஓட்டிக் களைத்துப் பின்தங்குவர். மலையே இல்லாத நாளிலும் பட்டத்தை இழக்கலாம் என்பது இதனால்தான்.

ஒரு செய்தித்தாள் உருவாக்கிய ரசிகர்கள்

டூர் டி பிரான்ஸ் போட்டியை 1903இல் தொடங்கியது 'லோத்தோ' என்னும் பாரிஸ் நாளிதழ். அதன் ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்ச். யோசனையைச் சொன்னவர் அவரிடம் பணியாற்றிய இளம் செய்தியாளர் ழியோ லெஃபெவ்ர். போட்டி இதழை விற்பதற்கான வழியே முதல் நோக்கம். 1903 சூலை 1 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள மோன்ழெரோனில் 60 பேர் புறப்பட்டனர். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். 21 பேர் மட்டுமே முடித்தனர். முதலிடம் மோரீஸ் காரேனுக்கு. இதழின் விற்பனை பல மடங்கு உயர்ந்தது. லோத்தோ மஞ்சள் தாளில் அச்சானது. 1919இல் அறிமுகமான முன்னணி வீரரின் சட்டைக்கும் அதே நிறம் வந்தது.

வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத காலம் அது. பந்தயத்தின் பெரும்பகுதியை யாரும் பார்த்ததில்லை. மறுநாள் இதழில் படித்ததை வைத்தே கடைகளில் வாதம் நடந்தது. பார்க்காததைப் பற்றி வாதிடும் பழக்கம் இவ்விளையாட்டுடன் சேர்ந்தே பிறந்தது எனலாம்.

ரசிகர் பற்றின் இருண்ட முகமும் உடனே தெரிந்தது. 1904இல் சாந்த்தேத்தியேன் அருகே உள்ளூர் வீரர் ஒருவரின் ஆதரவாளர்கள் இருட்டில் வழிமறித்து, காரேன் உள்ளிட்ட போட்டியாளரைத் தாக்கினர். சாலையில் ஆணிகள் தூவப்பட்டன. சில வீரர்கள் ரயிலேறிச் சென்றதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை முடிவில் முதல் நான்கு இடத்தாரும் நீக்கப்பட்டு, ஐந்தாவதாக வந்த ஆன்றி கொர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். அவருக்கு வயது 19. இன்றுவரை இப்போட்டியை வென்ற மிக இளையவர் அவரே.

உதவி குற்றமாக இருந்த காலம்

தெகிராஞ்ச் அணி முறையை வெறுத்தவர். மனிதனும் வண்டியும் சாலையும் மட்டுமே பந்தயத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1911இல் மோரீஸ் புரோக்கோ என்ற வீரர், தாம் வெல்லும் வாய்ப்பை இழந்தபின், பணம் பெற்றுக்கொண்டு பிறருக்கு உதவ முன்வந்தார். தெகிராஞ்ச் அவரை 'தொமெஸ்தீக்' என்று இழித்து எழுதினார். வீட்டு வேலையாள் என்று பொருள். சினம் கொண்ட புரோக்கோ அடுத்த கட்டத்தைத் தனியே ஓட்டி வென்றார். அவ்வளவு வலிமை இருந்தும் அதுவரை ஒளித்து வைத்திருந்தார் என்பதற்குச் சான்றாக அந்த வெற்றியே கொள்ளப்பட்டு, அவர் நீக்கப்பட்டார். அந்த வசைச் சொல்தான் இன்று துணைவீரரைக் குறிக்கும் மதிப்பான தொழிற்பெயராக வழங்குகிறது.

1913இல் யூஜின் கிறிஸ்தோஃபின் வண்டி பிரெனே மலைத்தொடரின் தூர்மலே கணவாய்க்கு அப்பால் முன்கவை முறிந்து நின்றது. அவர் வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சாந்த்மரி-தெ-கம்பான் என்னும் ஊரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். பிறர் உதவி பெறக்கூடாது என்பது விதி. எனவே தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் சரிசெய்தார். போட்டி அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். உலைக்குத் துருத்தி ஊதியவன் ஒரு சிறுவன். அதுவும் உதவிதான் என்று கிறிஸ்தோஃபுக்குத் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே மூன்று மணி நேரத்துக்கும் மேல் இழந்திருந்த அவருக்கு அந்தச் சில நிமிடங்களால் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் அச்சிறுவனின் துருத்தி, தெகிராஞ்சின் கொள்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

நாட்டு அணிகளும் மதில்மேல் அமர்ந்த இளைஞரும்

1920களில் சைக்கிள் நிறுவனங்களின் அணிகள் வலுத்தன. 1929இல் 'அல்சியோன்' அணியின் மோரீஸ் தெ வாலே நோயுற்ற நிலையிலும், தோழர்கள் காற்றை மறைத்துக் காத்ததால் வென்றார். வெகுண்ட தெகிராஞ்ச் 1930 முதல் நிறுவன அணிகளை நீக்கி, நாட்டு அணிகளை அமைத்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் நிறச் சைக்கிளைப் போட்டியே வழங்கியது. அந்தச் செலவை ஈடுகட்ட விளம்பர வண்டிகளின் ஊர்வலம் தொடங்கியது. அது இன்றும் பந்தயத்துக்கு முன்னால் செல்கிறது.

அணி முறையை ஒழிக்க வந்த மாற்றம் அதை நாட்டுப்பற்றோடு பிணைத்துவிட்டது. 1934இல் பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனேன் மாஞ். அதே அணியில் 20 வயது ரெனே வியெட்டோ மலைகளில் எவரும் தொடர முடியாதபடி ஏறினார். பிரெனே மலை இறக்கத்தில் மாஞின் முன்சக்கரம் உடைந்தது. வியெட்டோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும் வரை சாலையோரக் கல்மதிலில் அமர்ந்து காத்திருந்தார். அக்காட்சியின் நிழற்படம் பிரான்ஸ் முழுவதும் பரவியது. மறுநாளும் மாஞுக்குத் தடங்கல். முன்னே சென்றிருந்த வியெட்டோ வந்த வழியே திரும்பி மேலேறிச் சென்று உதவினார். மாஞ் வென்றார். வியெட்டோ மலையேற்றத்தில் முதலாகவும் மொத்தத்தில் ஐந்தாவதாகவும் முடித்தார்.

வியெட்டோ வென்றிருப்பார் என்று ஒரு சாராரும், தனிநேர ஓட்டத்திலும் சமதளத்திலும் மாஞே வல்லவர் என்று மறுசாராரும் வாதிட்டனர். கணக்கு எப்படியிருந்தாலும் பிரெஞ்சு மக்கள் நினைவில் நின்றவர் மதிலில் அமர்ந்தவரே.

இரண்டாகப் பிரிந்த இத்தாலி

ரசிகர் வாதம் அரசியலாகவும் சமயமாகவும் மாறியதற்கு எடுத்துக்காட்டு ஜீனோ பார்தாலி, ஃபவுஸ்தோ கோப்பி இணை. பார்தாலி பக்தியுள்ள கத்தோலிக்கர். மரபை மதித்தவர்களின் நாயகர். கோப்பி அவரினும் ஐந்து வயது இளையவர். உணவிலும் பயிற்சியிலும் புதுமை கண்டவர். நாடு 'பார்தாலியானி', 'கோப்பியானி' என இரு கட்சியானது. 1948 சூலை 14 அன்று இத்தாலியப் பொதுவுடைமைத் தலைவர் தொக்லியாத்தி சுடப்பட்டபோது நாடெங்கும் கலவரச் சூழல் நிலவியது. அந்நாட்களில் பார்தாலி ஆல்ப்ஸ் மலையில் அடுத்தடுத்துக் கட்டங்களை வென்று, போட்டியையும் வென்றார். அவர் வெற்றி உள்நாட்டுப் போரைத் தடுத்தது என்பது மக்கள் வழக்கு. வரலாற்றாசிரியர் அதை அப்படியே ஏற்பதில்லை. எனினும் அப்படி நம்பப்பட்டதே ஒரு வரலாற்றுச் செய்தி.

1949இல் இருவரும் ஒரே அணி. மேலாளர் அல்ஃபிரேதோ பிந்தா அவர்களை ஒருவருக்கொருவர் உதவ இணங்க வைத்தார். பிரியான்சோன் நோக்கிய மலைக்கட்டத்தை இருவரும் சேர்ந்து ஓட்டினர். அன்று பார்தாலியின் 35ஆம் பிறந்தநாள். கோப்பி அவரை வெல்லவிட்டார். மறுநாள் பார்தாலி தடங்கலில் சிக்க, கோப்பி தனியே சென்று முன்னிலை பெற்றார். அவ்வாண்டு ஜிரோ டி இத்தாலியாவையும் டூரையும் ஒருசேர வென்ற முதல் வீரர் ஆனார்.

1952இல் மலைச்சாலையில் இருவரும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றும் படம் எடுக்கப்பட்டது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலியர் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். இரு வீரரும் தாமே கொடுத்ததாகக் கூறிவந்தனர்.

தோற்றவரை நேசித்தல்

1964இல் பிரான்சும் இவ்வாறு பிரிந்தது. ஜாக் அங்கெத்தீல் அளந்து ஓட்டுபவர். ஐந்து முறை வென்றவர். ரெமோன் பூலிதோர் உழவர் குடும்பத்தவர். எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும் ஒருநாள்கூட மஞ்சள் சட்டை அணியாதவர். புய்-தெ-தோம் மலையில் தோளோடு தோள் உரச ஏறினர். முடிவில் பூலிதோர் முந்தினாலும் அங்கெத்தீல் 14 விநாடி முன்னிலையைக் காத்துக்கொண்டார். மொத்தத்தில் 55 விநாடியில் வென்றவர் அங்கெத்தீல். மக்கள் கைதட்டியது பூலிதோருக்கு.

ஒரே அணிக்குள் இரு தலைவர்

நிறுவன அணிகள் 1962இல் மீண்டன. 1969 முதல் இடைவிடாது தொடர்கின்றன. ஒரு நிறுவனம் சிறந்த வீரர் இருவரை விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதை 1986 காட்டியது. 1985இல் 'லா வி கிளேர்' அணியின் அமெரிக்கர் கிரெக் லெமோண்ட், முன்னே செல்லும் வாய்ப்பிருந்தும் அணியின் சொற்படி அடங்கி ஓட்டினார். பெர்னார் இனோ ஐந்தாம் முறை வென்றார். அடுத்த ஆண்டு லெமோண்டுக்கு உதவுவதாக இனோ வாக்களித்தார். ஆனால் 1986இல் இனோவே பிரிந்து முந்தி, நான்கு நிமிடத்துக்கும் மேல் முன்னிலை பெற்றார். மறுநாளும் அப்படியே செய்யப்போய்க் களைத்தார். லெமோண்ட் கிரானோன் கணவாயில் மஞ்சள் சட்டையைப் பெற்றார். ஆல்ப்-துவேஸ் உச்சியில் இருவரும் கைகோத்து வந்தனர். லெமோண்ட் வென்றார்.

எதிரணியினரைக் களைப்படையச் செய்யவே தாம் தாக்கியதாக இனோ கூறினார். அது உத்தியா, வாக்குத் தவறுதலா? இவ்விளையாட்டின் ரசிகர்கள் கூடும் இடத்தில் இன்றும் இதைக் கேட்டால் இரு பதில் வரும்.

ரயில்பெட்டிகளின் காலம்

2010இல் தொடங்கிய பிரிட்டனின் 'ஸ்கை' அணி, 'இனியோஸ்' எனப் பெயர் மாறிய பின்னும் சேர்த்து, 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஏழு முறை டூரை வென்றது. துணைவீரர்கள் வரிசையாக முன்னே சென்று, மிதிக்கும் ஆற்றலைக் கருவியில் அளந்து, எவரும் தாக்க முடியாத வேகத்தில் மலையேறுவதே உத்தி. ரசிகர்கள் அதை 'ரயில்' என்றனர். 2012இல் கிறிஸ் புரூம் தம் தலைவர் பிராட்லி விக்கின்சை விட வேகமாக ஏறி, பின் வேகம் குறைத்துக் காத்திருந்தார். பந்தயம் சலிப்பூட்டுகிறது என்ற குறை எழுந்தது. 2018 முதல் ஓர் அணியில் ஒன்பது பேருக்குப் பதில் எட்டுப் பேர் எனக் குறைக்கப்பட்டது.

இங்கே மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அணியைப் பற்றியும் இதேபோல் உத்தி, ஒழுங்கு, திட்டமிடல் என்று ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசினர். 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் அவருடைய அணித்தோழர் 11 பேர் சாட்சியம் அளித்தனர். ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அணியின் ஒற்றுமை எனப் புகழப்பட்டதில் ஒரு பகுதி, கூட்டாக ஊக்கமருந்து எடுத்து, கூட்டாக அதை மறைத்ததாகும். இதன்பின் ஒருவர் அசாதாரணமாக மலையேறினால் வியப்போடு ஐயமும் எழுவது வழக்கமாயிற்று.

அண்மைக்கால வாதங்கள் மூன்று

2022 டூரில், அதே கிரானோன் கணவாய்க்குச் செல்லும் வழியில், 'யும்போ-விஸ்மா' அணியின் பிரிமோஷ் ரோக்லிச்சும் யோனாஸ் விங்கெகோவும் மாறி மாறித் தாக்கினர். மஞ்சள் சட்டையிலிருந்த ததே போகாச்சார் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தாமே பதிலளித்தார். கடைசி ஏற்றத்தில் அவர் தளர்ந்து ஏறத்தாழ மூன்று நிமிடம் இழந்தார். இருவர் ஒருவரைக் களைப்படையச் செய்யும் உத்திக்கு இது பாடம் போன்ற எடுத்துக்காட்டு.

2023இல் அதே அணி ஸ்பெயின் சுற்றான வுவெல்டாவில் முதல் மூன்று இடங்களிலும் இருந்தது. முன்னிலையில் இருந்தவர் செப் குஸ். ஆண்டுதோறும் பிறருக்காக உழைத்த துணைவீரர். அங்கிலிரு மலையில் ரோக்லிச்சும் விங்கெகோவும் அவரைப் பின்னே விட்டுச் சென்றனர். அவர் முன்னிலை 8 விநாடியாகச் சுருங்கியது. ரசிகர்கள் கொதித்தனர். அதன்பின் குஸ்சுக்கே ஆதரவு என்று அணி முடிவுசெய்தது. அவர் 17 விநாடியில் வென்றார். தோழர் மீது கருணை காட்டி அளிக்கும் வெற்றி வெற்றியாகுமா என்று சிலர் கேட்டனர். இத்தனை ஆண்டு அவர் அளித்த வெற்றிகளுக்கு அது கடன் தீர்ப்பு என்றனர் பிறர்.

2024 மகளிர் டூரில் டெமி வோலரிங் மஞ்சள் சட்டையுடன் ஐந்தாம் கட்டத்தில் விழுந்தார். அவருக்காக அணி முழுதும் காத்திருக்கவில்லை. அன்றைய கட்டத்தை வென்றவர் அவருடைய அணியின் பிளாங்கா வாஸ். வோலரிங் ஒரு நிமிடத்துக்கும் மேல் இழந்தார். இறுதியில் காசியா நியேவியதோமாவிடம் அவர் தோற்றது 4 விநாடியில். டூர் வரலாற்றில் இதைவிடச் சிறிய வேறுபாடு இல்லை. ஆடவர் போட்டியில் மிகக் குறைந்தது, 1989இல் லெமோண்ட் லோரான் ஃபிஞோனை வென்ற 8 விநாடி. ஒருவரேனும் திரும்பி வந்து இழுத்திருந்தால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நம் நாட்டில்

தமிழ்நாட்டில் தொழில்முறைச் சாலைப் பந்தய மரபு வளரவில்லை. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் இருந்தும் இங்கே சைக்கிள் உழைப்புக்கும் பள்ளிக்கும் உரிய வண்டியாகவே இருந்தது. 2008 முதல் நடக்கும் நீலகிரிச் சுற்றுப் பயணத்தில் மசினகுடியிலிருந்து உதகை செல்லும் கல்லட்டி ஏற்றத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகள் பேர்பெற்றவை.

நம் மாணவர்க்கு மிக அருகிலுள்ள பந்தயம், அறிஞர் அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15ஐ ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டி. 2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டமும் இதில் அடங்கும். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள்; தொலைவு 10 முதல் 20 கிலோமீட்டர். இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டியே அனுமதி. கருவியால் எவரும் முந்தக்கூடாது என்னும் இந்த விதியும், 1930இல் தெகிராஞ்ச் அனைவருக்கும் ஒரே மஞ்சள் வண்டி கொடுத்ததும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை.

போட்டி தனியாருக்கானதே, அணி கிடையாது. ஆனாலும் செப்டம்பரில் தென்காசிப் பக்கம் காற்று இன்னும் அடங்கியிருக்காது. எதிர்காற்றில் தனியே முந்தியவன் பாதி வழியில் களைப்பதும், பின்னால் ஒட்டி வந்தவன் கடைசியில் முந்துவதும் இயல்பு. 'என் பின்னாலேயே ஒளிந்து வந்து ஜெயித்துவிட்டான்' என்று ஒரு மாணவன் முறையிட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது? தென் மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயத்திலும் இதே வழக்கு உண்டு. வென்றது மாடா, சாரதியா, உடன் ஓடிய துணைச் சாரதியா, வளர்த்த உரிமையாளரா என்று டீக்கடையில் பொழுது சாயும் வரை பேசுவார்கள்.

தொழில்முறை வீரர்கள் இதற்கு நடைமுறையில் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். டூர் வெற்றியாளர் பெறும் முதல் பரிசு 5 லட்சம் யூரோ. அதை அவர் தனியே எடுத்துக்கொள்வதில்லை. அணித்தோழருக்கும் பணியாளருக்கும் பகிர்ந்துகொடுப்பது நெடுநாளைய மரபு. பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். பணம் எல்லார்க்கும் போய்ச்சேரும். தொமெஸ்தீக் என்ற வசைச் சொல்லில் தொடங்கிய வாதத்தில், வீரர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட தீர்ப்பு இது. ரசிகர்களின் தீர்ப்பு இன்னும் வரவில்லை.